எந்தக் கிளைத் தொடரைப் பார்க்கலாம்? விமர்சகர்கள் சொன்னதும் எங்களுக்கு ஒத்து வருவதும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வாசகசாலையில் ஒரு சின்னக் கூட்டம் உண்டு. ஒரு தொடரைத் தேர்ந்தெடுப்போம், அவரவர் வீட்டில் பார்ப்போம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடிப் பேசுவோம். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு நடக்கும். ஓய்வு பெற்ற ஏட்டையா ஒருவர், பள்ளிக்கூட டீச்சர்கள், கோயம்புத்தூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிற பையன்கள், பால் சொசைட்டிக் கணக்கு பார்ப்பவர் என்று பல தரப்பு ஆட்கள். அடுத்து ஒரு போலீஸ் தொடர் என்று முடிவாகிவிட்டது. அதிலும், ஏற்கெனவே பேர் வாங்கிய ஒரு தொடரிலிருந்து பிரிந்து வந்த கிளைத் தொடராக இருக்க வேண்டும். நல்ல தொடர் ஒன்று முடிந்த பிறகு அதே உலகத்தை வைத்து இன்னொன்று எடுப்பது சரியா என்ற வாக்குவாதம் எங்களுக்குள் ரொம்ப நாளாக ஓய்ந்தபாடில்லை. ஒன்றை முழுசாகப் பார்த்துவிட்டே பேசலாம் என்று தோன்றியது.

கடைசியில் நான்கு பெயர்கள் மிஞ்சின: இந்தியன் போலீஸ் ஃபோர்ஸ், பாஷ்: லெகசி, ஆஷஸ் டு ஆஷஸ், எண்டெவர். "எதுக்குங்க இத்தனை யோசனை, விமர்சகர்கள் எதுக்கு அதிக மார்க் போட்டிருக்காங்களோ அதையே பார்த்திடலாம்" என்றார் ஒரு டீச்சர். நியாயமான யோசனைதான். ஆனால் கிளைத் தொடர் விஷயத்தில் அந்த வழி பாதி தூரம்தான் கொண்டுபோய் விடும்.

காரணம் இருக்கிறது. புதுத் தொடர் ஒன்று வந்தால் விமர்சகர் அதை அதாகவே பார்க்கிறார். கிளைத் தொடர் வந்தால் தாய்த் தொடரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அதுவும் கையில் கிடைத்த முதல் சில பகுதிகளை வைத்து எழுதுகிறார். ஆகவே முதல் வாரத்துத் தீர்ப்பு பெரும்பாலும் சாயலைப் பற்றிய தீர்ப்பாகவே அமைந்துவிடுகிறது. மூத்தவன் மாதிரியே இருந்தால் 'புதுசாக ஒன்றுமில்லை', மாறியிருந்தால் 'பழைய சுவை இல்லை'. அமெரிக்காவில் ஜாக் என்ற கடற்படை வழக்கறிஞர் தொடருக்குள் 2003இல் இரண்டு பகுதிகளை ஒதுக்கி ஒரு புலனாய்வுக் குழுவை அறிமுகம் செய்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் என்சிஐஎஸ். ஆரம்பத்தில் அதைப் பெரிதாகக் கொண்டாடியவர்கள் குறைவு. பத்து வருஷத்தில் அது அந்த நாட்டில் அதிகம் பேர் பார்க்கும் நாடகமாகி, தானே பல கிளைகள் விட்டது. லா அண்ட் ஆர்டர் 1990இல் தொடங்கி 2010இல் நின்று, 2022இல்தான் மீண்டும் வந்தது. அதன் கிளையாக 1999இல் வந்த ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்டோ நடுவில் ஒரு வருஷம்கூட நிற்காமல் இன்னும் ஓடுகிறது. பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரிடம் எப்படிப் பேசுவது என்பதையே மையமாக வைத்துக்கொண்டதால் அதற்குத் தனி வாழ்வு கிடைத்தது.

அதற்காக விமர்சகர்கள் எப்போதும் அவசரப்படுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. கிரிமினல் மைண்ட்ஸிலிருந்து 2011இல் பிரித்தெடுத்த சஸ்பெக்ட் பிஹேவியர், ஃபாரஸ்ட் விட்டேக்கர் மாதிரி பெரிய நடிகர் இருந்தும் 13 பகுதிகளோடு முடிந்துபோனது. தடயவியல் தொடரான சிஎஸ்ஐ வரிசையில் 2015இல் வந்த சைபர் இரண்டு பருவம் (சீசன்) மட்டும்தான் தாங்கியது. இந்த இரண்டுக்கும் ஆரம்பத்திலேயே விமர்சகர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: இது எதற்கு? கதைக்காரர்களிடம் பதில் இல்லை.

ஆக, விமர்சனத்தில் நட்சத்திரத்தை எண்ணுவதைவிட, குறை எந்த மாதிரிக் குறை என்று பார்ப்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். 'தாயைப் போல இல்லை' என்பது குறையே அல்ல. 'இதற்கென்று ஒரு கேள்வி இல்லை' என்பதுதான் உண்மையான குறை. எங்கள் பட்டியலையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

இந்தியன் போலீஸ் ஃபோர்ஸை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைத் தள்ளுவது சுலபம். 2024 ஜனவரியில் பிரைம் வீடியோவில் வந்தது, ஏழு பகுதிகள். ரோஹித் ஷெட்டி சினிமாவில் கட்டிய போலீஸ் உலகத்தின் தொலைக்காட்சிக் கிளை. அந்த உலகத்தின் வேர் நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியம் இல்லை: 2011இல் வந்த இந்தி சிங்கம், 2010இல் ஹரி இயக்கி சூர்யா நடித்த தமிழ்ப் படத்தின் மறுஆக்கம். தூத்துக்குடிப் பக்கத்துச் சப்-இன்ஸ்பெக்டர் கோவாவுக்குப் போய், அங்கிருந்து வளர்ந்து, டெல்லியில் குண்டுவெடிப்புகளைத் துப்புத் துலக்கும் குழு வரை வந்திருக்கிறது. விமர்சகர்கள் பெரும்பாலும் ஏமாற்றத்தோடுதான் எழுதினார்கள். சண்டைக் காட்சிகள் பரவாயில்லை, எழுத்து தேய்ந்துபோனது, பாத்திரங்களில் ஆழமில்லை என்பதே பொதுவான புகார். எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு சினிமாவில் இரண்டரை மணி நேரம் தாங்கும் ஸ்லோ மோஷன் நடையும் பஞ்ச் வசனமும் ஏழு பகுதிகளுக்கு நீளும்போது, இடைவெளியை நிரப்ப மனிதர்கள் வேண்டியிருக்கிறது. அவர்களைத்தான் காணவில்லை. பொழுதுபோக்குக்கு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேச அதில் விஷயம் இல்லை.

பாஷ்: லெகசியின் கதை வேறு. மைக்கேல் கானலி எழுதிய நாவல்களிலிருந்து எடுத்த பாஷ், 2021 வரை ஏழு பருவம், 68 பகுதிகள் ஓடியது. டைட்டஸ் வெலிவர் நடித்த லாஸ் ஏஞ்சலஸ் துப்பறிவாளர் ஹாரி பாஷ், மேலதிகாரிகளின் போக்கு பொறுக்காமல் பேட்ஜை வைத்துவிட்டு வெளியே வருகிறார். லெகசி அங்கிருந்து 2022இல் தொடங்குகிறது. அவர் இப்போது தனியார் துப்பறிவாளர். மகள் மேடி அதே துறையில் புதுக் கான்ஸ்டபிள். ஒரு காலத்தில் கோர்ட்டில் அவரை எதிர்த்து வாதாடிய வக்கீல் ஹனி சாண்ட்லர் இப்போது அவருக்கு வேலை கொடுப்பவர். விமர்சகர்கள் இதை ஆதரித்தார்கள். ஆதரித்ததற்குக் காரணம், பெரிதாக எதையும் மாற்றவில்லை என்பதுதான். பெயர் மாறிய எட்டாவது பருவம் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஆனால் அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. சீருடையும் பேட்ஜும் போன பிறகு ஒரு போலீஸ்காரரிடம் மிச்சம் என்ன இருக்கும்? நேற்றுவரை போன் போட்டுக் கேட்டால் கிடைத்த தகவலுக்கு இன்று ஆள் பிடிக்க வேண்டும், தயவு கேட்க வேண்டும். எங்கள் ஏட்டையாவுக்கு இந்தத் தொடர்மேல்தான் கண். "ரிட்டையர் ஆன மறுநாளே ஸ்டேஷன்ல நாற்காலி போட மாட்டாங்க தம்பி, அது எப்படியிருக்கும்னு காட்டுறான்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம் போலிருந்தது. தடை ஒன்றுதான். முந்தைய 68 பகுதிகளைப் பார்க்காதவர்களுக்கு லெகசியின் பாதி உணர்ச்சி கை நழுவிப் போகும். மேடி பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்து வளர்ந்ததைப் பார்த்தவனுக்கு, அவள் முதல் ரோந்துக்கு வண்டியில் ஏறுவது வேறு மாதிரி படும். பார்க்காதவனுக்கு அது இன்னொரு புது கான்ஸ்டபிள், அவ்வளவுதான். இதிலிருந்தே 2025இல் பாலார்ட் என்று இன்னொரு கிளையும் வந்திருக்கிறது, மேகி க்யூ நடித்தது. பழைய, துலங்காத வழக்குகளை எடுக்கும் பிரிவின் கதை. புதிதாக வருபவர்களுக்கு அதுதான் எளிய வாசல். தனியாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன்.

ஆஷஸ் டு ஆஷஸ் என்னை ரொம்ப நேரம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பிபிசியில் 2006, 2007இல் வந்த லைஃப் ஆன் மார்ஸ் தொடரின் கிளை இது. தாய்த் தொடரில் சாம் டைலர் என்ற மான்செஸ்டர் போலீஸ் அதிகாரி விபத்தில் அடிபட்டு, கண் விழித்தால் 1973. அங்கே அவனுக்கு மேலதிகாரி ஜீன் ஹன்ட். குடிப்பார், அடிப்பார், சாட்சியத்தைவிடத் தன் மூக்கை நம்புவார். 16 பகுதிகள். சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி விருது இரண்டு முறை கிடைத்தது. 2008இல் வந்த கிளைத் தொடரில் அலெக்ஸ் ட்ரேக் என்ற போலீஸ் உளவியலாளர் சுடப்பட்டு, லண்டனில் 1981இல் கண் விழிக்கிறாள். புத்திசாலித்தனமான திருப்பம் எங்கே என்றால், அவள் சாம் டைலரின் கோப்பைப் படித்தவள். ஜீன் ஹன்ட் என்ற பெயரை அவள் ஏற்கெனவே அறிவாள். இது ஒருவன் மூளைக்குள் நடந்த கற்பனை என்று அறிக்கை எழுதியவள், இப்போது அந்த அறிக்கைக்குள்ளேயே நிற்கிறாள். தாய்த் தொடரைக் கிளைத் தொடர் இவ்வளவு நேராகக் கேள்வி கேட்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

விமர்சகர்களின் போக்கையும் இதில்தான் நன்றாகப் பார்க்க முடிகிறது. முதல் பருவம் வந்தபோது முகம் சுளித்தார்கள். எண்பதுகளின் உடையும் பாட்டும் மேலே மிதக்கின்றன, தாய்த் தொடரின் கனம் இல்லை, கீலி ஹாஸின் நடிப்பு மிகை என்றெல்லாம் எழுதினார்கள். 2010இல் மூன்றாம் பருவம் முடிந்தபோது பேச்சே மாறிவிட்டது. இரண்டு தொடர்களுக்கும் சேர்த்து ஒரே முடிவை அந்தக் கடைசிப் பகுதிகள் கொடுத்தன. அது என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன். முதல் வாரத்து விமர்சனத்தை மட்டும் படித்துத் தள்ளியவர்கள் அதை இழந்தார்கள்.

பின் ஏன் இதை முதல் இடத்தில் வைக்கவில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று நேரம்: தாய்த் தொடரைப் பார்க்காமல் இதைத் தொட முடியாது. 16ம் 24ம் சேர்த்து 40 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வடக்கு இங்கிலாந்து உச்சரிப்பு, தாட்சர் காலத்து அரசியல், ஃபாக்லாந்து போர்ப் பேச்சு எல்லாம் வசன வரிகளைப் படித்தே பிடிக்க வேண்டும். இரண்டாவது காரணம்தான் என் மனசை அறுப்பது. ஜீன் ஹன்டை ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஃபிலிப் க்ளெனிஸ்டரின் நடிப்பு அப்படி, அவர் வந்தால் கண் வேறு எங்கும் போகாது. ஆனால் விசாரணை அறையில் கை ஓங்கும் ஒருவரை இவ்வளவு பிரியமாகக் காட்டலாமா? 2020இல் சாத்தான்குளத்தில் நடந்ததற்குப் பிறகு, அடிக்கும் போலீஸ்காரரைச் சிரித்துக்கொண்டு பார்க்க என்னால் முடியவில்லை. தொடர் அவரை நியாயப்படுத்தவில்லை, அவரைக் கேள்வி கேட்கவும் செய்கிறது. ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, கேள்வியைவிட ஆளுடைய மிடுக்குதான் மனதில் நிற்கும். பேச வேண்டிய விஷயம்தான். அதற்கு எங்கள் கூட்டம் இன்னும் கொஞ்சம் பழக வேண்டும்.

சரி, எண்டெவர்.

முதலில் அதன் தாய்த் தொடரான இன்ஸ்பெக்டர் மோர்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோலின் டெக்ஸ்டர் 1975க்கும் 1999க்கும் இடையில் எழுதிய 13 நாவல்களின் நாயகன் மோர்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வேலை, ஓபரா கேட்பார், குறுக்கெழுத்துப் போடுவார், பீர் குடிப்பார், தனியாள். 1987 முதல் 2000 வரை 33 பகுதிகளில் ஜான் தாவ் அவராக நடித்தார். 2002இல் தாவ் காலமானார். உதவியாளராக வந்த கெவின் வேட்லியை நாயகனாக வைத்து 2006இல் லூயிஸ் என்று முதல் கிளை தொடங்கி, அதுவும் 33 பகுதிகள் ஓடியது. மரியாதையான தொடர், குறை சொல்ல அதிகமில்லை, ஆனால் மோர்ஸின் நிழலைவிட்டு அது கடைசிவரை முழுசாக வெளியே வரவில்லை.

2012 ஜனவரி 2ஆம் தேதி, மோர்ஸ் திரைக்கு வந்த 25ஆம் ஆண்டை ஒட்டி, எண்டெவர் ஒரு தனிப் பகுதியாக வந்தது. 1965, இளம் கான்ஸ்டபிள் மோர்ஸ். தாவ் இல்லாமல் மோர்ஸா என்ற சந்தேகத்தோடுதான் பலரும் உட்கார்ந்தார்கள். அதன் முடிவில் ஒரு சின்ன இடம். மேலதிகாரி ஃப்ரெட் தர்ஸ்டே, இருபது வருஷம் கழித்து உன்னை எங்கே பார்க்கிறாய் என்று கேட்கிறார். இளைஞன் காரின் பின்பார்வைக் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கிறான். அதில் தெரிவது ஜான் தாவின் கண்கள். இன்னொன்று: பத்திரிகை ஆசிரியராக வரும் பெண் அவனிடம், நாம் முன்பே சந்தித்திருக்கிறோமா என்று கேட்கிறாள். அந்தப் பாத்திரத்தில் நடிப்பவர் ஜான் தாவின் மகள் அபிகெயில் தாவ். தெரியாதவர்களுக்கு அது சாதாரண வசனம். தெரிந்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும். தாய்த் தொடருக்கு இப்படி வணக்கம் வைத்துவிட்டு, அப்புறம் தன் வழியில் நடந்தது. ஒரு தனிப் பகுதி, முழுத் தொடராகி, ஒன்பது பருவம், 36 பகுதிகள் என்று 2023 வரை ஓடியது. எல்லாவற்றையும் எழுதியவர் ரஸ்ஸல் லூயிஸ் ஒருவரே.

இதற்கென்று சொந்தக் கேள்வி இருக்கிறதா? இருக்கிறது. மோர்ஸ் எப்படித் தனியாள் ஆனார்? தாய்த் தொடரில் தர்ஸ்டே என்ற பெயரே வராது. இவ்வளவு பெரிய குருநாதரைப் பற்றி ஒருவர் பிற்காலத்தில் வாயே திறக்கவில்லை என்றால், நடுவில் என்ன நடந்திருக்கும்? 36 பகுதிகளும் அந்த மௌனத்தை நோக்கித்தான் நகர்கின்றன. ஷான் எவன்ஸ் தாவைப் போல நடித்துக் காட்டாமல், தாவாக மாறப்போகிற ஒருவனை நடிக்கிறார். ரோஜர் அலாமின் தர்ஸ்டே வீட்டுக்காரம்மா கட்டிக்கொடுத்த சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே, இன்றைக்கு என்ன கிழமை என்பதை வைத்து உள்ளே இருப்பது என்ன என்று மோர்ஸ் சொல்லிவிடுவான். குடும்பம் உள்ள மனிதரையும் அது இல்லாத பையனையும் இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். போகப்போகக் கதைப் பின்னல் சிக்கலாகிறது, பழைய சினிமாக்களுக்கான மறைமுகக் குறிப்புகள் அளவு மீறுகின்றன என்று விமர்சகர்கள் எழுதியது உண்மைதான். சில பகுதிகளில் கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகும் எதற்காகச் செய்தான் என்பதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் எங்கள் ஊருக்கு இதை நான் அழுத்திச் சொல்வதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அது ஐந்தாம் பருவம். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரப் போலீஸ் உட்பட ஐந்து போலீஸ் படைகளை இணைத்துத் தேம்ஸ் வேலி படையை உருவாக்கினார்கள். அது நடந்த சரித்திரம். அந்த இணைப்பைத்தான் ஐந்தாம் பருவம் பின்னணியாக எடுத்துக்கொள்கிறது. பழைய ஸ்டேஷனை மூடப் போகிறார்கள், யார் எங்கே போவார்கள் என்று தெரியாது, சின்னம் மாறும், மேலதிகாரி மாறுவார். ஆறாம் பருவம் தொடங்கும்போது ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடக்கிறார்கள். மோர்ஸ் மறுபடி சீருடை போட்டு ஒரு கிராமத்தில் இருக்கிறான்.

இதை லண்டன் விமர்சகர்கள் ஒரு வரியில் கடந்து போகலாம். கொழிஞ்சாம்பாறை அடங்கிய எங்கள் சித்தூர் தாலுகாக்காரர்கள் கடந்து போக முடியாது. இந்த மண் கொச்சி சமஸ்தானமாக இருந்தது, 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியில் சேர்ந்தது, 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளமாயிற்று. பக்கத்துப் பாலக்காடு அதுவரை மலபார் மாவட்டத்தோடு சென்னை ராஜ்யத்தில் இருந்தது. ஒரே ராத்திரியில் ஸ்டேஷன் பலகை மாறியது, ஆணை வரும் ஊர் மாறியது, புகார் எழுதும் மொழி மெல்ல மாறியது. இன்றைக்கும் கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு போலீஸ், அந்தப் பக்கம் ஒரு போலீஸ். எல்லையை ஒட்டி வண்டி திருடு போனால் எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்பதே முதல் கவலை. எங்கே புகார் கொடுத்தாலும் வாங்கியாக வேண்டும் என்று 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் எழுத்தில் சொல்கிறது, அது நல்ல விஷயம். ஆனாலும் எல்லைக்காரனுக்கு 'இது எங்க லிமிட் இல்லை' என்ற வார்த்தை பழகிப்போன ஒன்று. ஒரு ஸ்டேஷன் கலைந்தால் அதற்குள் இருந்த மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று எண்டெவர் காட்டுவதை, எங்கள் ஏட்டையாவைப் போன்றவர்கள் எந்த விமர்சகரைவிடவும் நன்றாக எடுத்துப் பேசுவார்கள்.

ஆகவே என் ஓட்டு எண்டெவருக்கு. ஒவ்வொரு பகுதியும் சுமார் ஒன்றரை மணி நேரம் என்பதால் முழுத் தொடரையும் ஒரே மூச்சில் பார்ப்பது கூட்டமாகச் செய்ய முடியாத காரியம். 2012 தனிப் பகுதி, முதல் பருவம், பிறகு நேராக ஐந்தும் ஆறும் என்று எடுத்துக்கொண்டால் போதும். நடுவில் விட்டுப்போவதை அவரவர் வசதிப்படி நிரப்பிக்கொள்ளலாம். தாய்த் தொடரை முன்கூட்டியே பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணாடியில் தெரியும் கண்கள் யாருடையவை என்று மட்டும் முன்பே தெரிந்திருந்தால் போதும். வசன வரி வேகமாகப் படிக்க முடியாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல ஒரு பையனையோ பெண்ணையோ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தில் ஏற்கெனவே பாஷ் பார்த்து முடித்தவர்கள் இருந்தால் அவர்கள் தயங்காமல் லெகசிக்குப் போகலாம். லைஃப் ஆன் மார்ஸ் பார்த்தவர்கள் ஆஷஸ் டு ஆஷஸை முதல் பருவத்தோடு நிறுத்திவிட வேண்டாம், மூன்றாவது வரை பொறுத்துப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் அது அடுத்த சுற்றுக்கு என்று எழுதி வைத்திருக்கிறோம். ஜீன் ஹன்டைப் பற்றிய விவாதத்தை ஏட்டையாவே தொடங்கி வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.